அப்பாவின் நோட்டில் இல்லாத சுற்று

மகனே,

உன் கடிதம் வந்து பதினோரு நாள் ஆகிறது. நீ தேடச் சொன்ன உன் அப்பாவின் நோட்டு அன்றைக்கே கிடைத்துவிட்டது. தகரப் பெட்டியில், அவருடைய காக்கிச் சட்டைகளுக்கு அடியில், நீ சொன்ன இடத்திலேயே இருந்தது. கிடைத்ததை உடனே எழுதாமல் ஏன் இத்தனை நாள் இழுத்தாய் என்று கேட்பாய். எனக்கே அது சரியாகத் தெரியவில்லை. தெரிந்த மட்டும் எழுதுகிறேன். கண்ணில் திரை விழுந்துகொண்டிருப்பதால் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். பொறுமையாக வாசி. ஓட்டலில் உன்னோடு வாத்தியம் வாசிக்கிறவர்கள் பக்கத்தில் இருக்கும்போது இதைப் பிரிக்காதே.

முதலில், நீ எழுதியதை நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று பார். கொழும்பின் உப்புக்காற்றோ என்னவோ, ஒரு மாசமாக உன் கிட்டார் ஊமையாகிவிட்டது. ரேடியோவில் மாட்டினால் சத்தமே வருவதில்லை. தந்திகளுக்கு அடியில் இருக்கும் கம்பிச் சுருள் எங்கேயோ அறுந்திருக்கிறது, புதிதாகத்தான் சுற்றவேண்டும் என்று அங்கே உள்ள ரேடியோ ரிப்பேர்க்காரர் சொல்லியிருக்கிறார். அவரே ஒரு சுருள் சுற்றி மாட்டிப் பார்த்ததில் பாட்டைவிட உறுமல்தான் பெரிதாக வந்தது. உன் அப்பா எப்படிச் சுற்றினார் என்று தெரிந்தால் ஒழிய ஒன்றும் செய்யமுடியாது என்று கைவிரித்துவிட்டார். கிறிஸ்துமஸ் ஆட்டங்களுக்கு முன்னால் கிட்டார் சரியாகாவிட்டால் ஓட்டல்காரன் உன் இடத்துக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்வான். இவ்வளவும் விளங்கிற்று. கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அதுதான் என்னைப் படுத்துகிறது. "நோட்டு கிடைக்காவிட்டால் இந்த வேலையை விட்டுவிட்டுக் கிட்டாரோடு ஊருக்கு வந்துவிடுகிறேன். அப்பாவோடு ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர்களைக் கேட்டுச் சரிசெய்துகொண்டு, பிறகு நடப்பதைப் பார்க்கலாம்."

மூன்று வருஷமாக நான் முழந்தாள் படியிட்டுக் கேட்டது, நீ திரும்பி வரவேண்டும் என்பதைத்தான். அது இப்போது ஒரு கார்டுத் தபாலின் தூரத்தில் வந்து நிற்கிறது. நோட்டு கிடைக்கவில்லை என்று எழுதினால் போதும், நீ தூத்துக்குடியில் கப்பல் இறங்கிவிடுவாய். எழுதவும் செய்தேன். உன்னிடம் மறைத்து என்ன செய்யப்போகிறேன், நோட்டை மடியில் வைத்துக்கொண்டே அந்தக் கார்டை எழுதினேன். "எல்லா இடமும் தேடினேன், அகப்படவில்லை, கர்த்தருடைய சித்தம்." கர்த்தரையும் சேர்த்துக்கொண்டேன், பார். இரண்டு தடவை தபால் பெட்டிவரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். இரண்டாவது தடவை மேலவீட்டுக்காரி பிடித்துக்கொண்டாள். "என்ன அக்கா, பெட்டிக்கிட்ட போயிட்டு போடாமத் திரும்புதீய? விலாசம் மறந்து போச்சா?" என்றாள். ஆமா என்று சொல்லிவிட்டு வந்தேன். இந்தக் கிழவிக்கு மகனுடைய விலாசம் மறந்துவிட்டது என்று தெரு முழுக்கச் சொல்லியிருப்பாள். போகட்டும்.

கார்டைக் கிழித்துவிட்டேன். அதனால் நல்லவள் ஆகிவிட்டேன் என்று நினைக்காதே. நோட்டை அப்படியே அனுப்பிவைத்தாலும் அது உனக்கு உதவாது. அப்பா அதில் எழுதியிருக்கிறபடி சுற்றினால் உன் கிட்டார் உறுமத்தான் செய்யும். அந்த ரிப்பேர்க்காரர் சுற்றியதும் ஏறக்குறைய அதே மாதிரிதான் இருக்கும். ஏன் என்றால், உன் கிட்டாரில் கம்பி சுற்றியது அப்பா இல்லை. நான்தான். அவர் சொன்ன மாதிரியும் நான் சுற்றவில்லை. இது அவருக்குக் கடைசிவரை தெரியாது. தெரியாது என்றுதான் இந்த நோட்டைத் திறக்கும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததும் இடையில் வரும். மிஷன் பள்ளிக்கூடத்து வெள்ளைக்கார அம்மா சீமைக்குத் திரும்பும்போது தன்னுடைய பழைய கிட்டாரை உனக்குக் கொடுத்துவிட்டுப் போனாளே, அங்கேதான் ஆரம்பம். நீ அதை மடியில் மல்லாக்கப் படுக்கவைத்து, பஸ் பேரிங்கிலிருந்து கழற்றிய இரும்புத் துண்டைத் தந்திமேல் வழுக்கி வழுக்கி வாசிப்பாய். ரேடியோவில் அப்படி ஒரு வாசிப்பைக் கேட்டுவிட்டு வந்ததிலிருந்து உனக்கு அந்தப் பித்து. தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, "எடேய், பிள்ளையத் தாலாட்டுதியா?" என்று கேலி செய்வார்கள். சர்ச்சுக் கோயிலில் வாசிக்கப் பாதிரி ஐயர் அனுமதி கொடுத்தார். ஆனால் ஆர்மோனியத்தின் பக்கத்தில் உன் கிட்டார் இருந்ததும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான். நீ உம்மென்று வீட்டுக்கு வருவாய். அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. "கவலப்படாத மக்கா. ஆர்மோனியம் ஓடி ஒளியுத மாதிரி ஒண்ணு நான் உண்டாக்கித் தாறேன்" என்றார்.

அவர் பஸ் ஒர்க்‌ஷாப்பில் மேஸ்திரி. கழற்றுவது என்றால் அவருக்குப் பாயசம். டாக்டர் வீட்டில் கார் பார்க்கப் போனவர், அங்கே இருந்த ரேடியோவின் பின்பக்கத்தையும் பார்த்துவிட்டு வந்தார். நாகர்கோவிலில் கரண்டு வந்த புதிது. டாக்டருடைய ரேடியோ கரண்டில் ஓடுவது. பின்னால் கிராமபோனை மாட்டுவதற்கு இரண்டு ஓட்டை உண்டு. கிராமபோனின் சத்தத்தைப் பெரிதாக்குகிற பெட்டி கிட்டாரின் சத்தத்தையும் பெரிதாக்காதா என்று அவருக்குத் தோன்றிவிட்டது. பஸ் இஞ்சினில் தீப்பொறி கொடுக்கும் மேக்னட்டோ என்ற சாமான் எரிந்துபோனால் ஒர்க்‌ஷாப்பின் மூலையில் போட்டுவிடுவார்கள். அதற்குள் மாட்டு லாடம் மாதிரி வளைந்த காந்தம் ஒன்று இருக்கும். தலைமயிரைவிட மெல்லிய செம்புக் கம்பியும் மைல்கணக்கில் இருக்கும். அந்தக் காந்தத்தின் இரண்டு காலுக்கும் இரண்டு சின்ன மர உருளை செய்து, அதில் கம்பியைச் சுற்றி, தந்திகளுக்கு அடியில் வைப்பது என்பது அவருடைய திட்டம். பலாப் பலகையில் அவரே உடல் செதுக்கினார். கழுத்து அயனி மரம். இவ்வளவும் அவருடைய மூளை, அவருடைய கை. இதை நீ ஒருநாளும் மறக்கக்கூடாது. நான் மேலே சொல்லப்போவதை வாசித்துவிட்டு அவரை ஒரு படி இறக்கினாய் என்றால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

கம்பி சுற்றும்போதுதான் அவர் தோற்றார். அந்த விரலுக்கு அந்தக் கம்பி நிற்குமா? நூறு சுற்றுக்குள் அறுந்துவிடும். அவர் கெட்ட வார்த்தை பேசாத மனுஷர். அன்றைக்கு அந்தக் கம்பியை ஏசியதைக் கேட்டு நான் காதைப் பொத்திக்கொண்டேன். "ஏளா, இந்தச் சவம் கையில நிக்கமாட்டேங்கு" என்றார். "இஞ்ச தாருங்கோ. ஒங்க வெரலு ஸ்பானர் பிடிக்கத்தான் கொள்ளாம்" என்றேன். அவர் இரண்டு உருளைகளையும் என் முன்னால் வைத்து, "நல்லாக் கேட்டுக்கோ. ஒண்ணச் சுத்தி முடி. கம்பிய அறுக்கப்பிடாது. அப்பிடியே அடுத்ததுக்குக் கொண்டுபோயி அதயும் சுத்து. வெளங்கிச்சா?" என்றார். "வெளங்கிச்சு, வெளங்கிச்சு, போங்கோ" என்றேன். எனக்கு அப்போது ஒரு எஸ்டேட் துரை மகளின் கல்யாண உடுப்புக்கு லேஸ் ரேந்தை பின்ன வேண்டியிருந்தது. கழுத்துப் பட்டை, கைப் பட்டை இரண்டும் ஞாயிற்றுக்கிழமைக்குள் கேட்டிருந்தார்கள். மனம் முழுக்க அதில்தான் இருந்தது. அவர் சொன்னது காதில் விழுந்தது, அதோடு சரி.

நீ என் மடியில் ரேந்தை பின்னும் தலையணையைப் பார்த்தே வளர்ந்தவன். ஆனாலும் ரேந்தைக் குச்சியில் நூல் எப்படி ஏற்றுகிறோம் என்று கவனித்திருக்கமாட்டாய். ஆம்பிளைகள் யாரும் கவனிப்பதில்லை. குச்சிகள் எப்போதும் ஜோடி. ஒரே நூல்தான், நடுவில் அறுப்பதில்லை. அதன் ஒரு நுனியிலிருந்து பாதியை ஒரு குச்சியில் சுற்றுவோம். பிறகு மற்ற நுனியைத் தேடி எடுத்து, அங்கேயிருந்து தொடங்கி மீதிப் பாதியை இன்னொரு குச்சியில் சுற்றுவோம். நூலின் நடு இரண்டு குச்சிக்கும் இடையில் தொங்கும். அந்த நடுவைத் தலையணையில் குத்திய ஊசியில் மாட்டித்தான் பின்னலே ஆரம்பம். பதிமூன்று வயசிலிருந்து இதைச் செய்கிற கை இது. கம்பியும் அப்படித்தான் ஏறிற்று. அட்டையில் சுற்றி வைத்த கம்பியில் பாதியை முதல் உருளையில் சுற்றினேன். மீதியை வேறொரு அட்டைக்கு மாற்றினால்தான் கடைசி நுனி கைக்கு வரும். அந்த வேலையையும் மெனக்கெட்டுச் செய்து, கடைசி நுனியிலிருந்து இரண்டாவது உருளையைத் தொடங்கி, நடுவில் கொண்டுவந்து முடித்தேன். அவர் சொன்னபடி செய்திருந்தால் பாதி வேலைதான். எனக்கு அது தோன்றவே இல்லை. அறுக்காதே என்றார், அறுக்கவில்லை. சொன்னதைச் செய்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். ஒன்பது நாள் பிடித்தது. கம்பி நழுவாமல் இருக்க மெழுகை உருக்கி ஊற்றி, துணிநாடாவும் சுற்றிக் கொடுத்தேன். அவர் கையில் வாங்கிப் பார்த்தபோது வெளியே நீட்டிய இரண்டு நுனி மட்டும்தான் தெரிந்தது. அவருக்கும் அதுதான் வேண்டியிருந்தது. "கொள்ளாம், நல்லாருக்கு" என்றார்.

டாக்டர் வீட்டு வராந்தாவில் நீ அதை முதல்முதலாக வாசித்தது உனக்கு மறந்திருக்காது. கீர்த்தனையின் முதல் அடியை வாசித்ததும் ரோட்டில் போன வில்வண்டி நின்றது. என் பிள்ளை வாசிப்பது தெருமுனை வரைக்கும் கேட்டது. டாக்டர் எழுந்து ரேடியோவுக்குப் பின்னால் போய்க் காதை வைத்துக் கேட்டார். "ஓய் மேஸ்திரி! கிராமபோன மாட்டினாக்கூட எனக்க ரேடியோ உறுமும். இது மூச்சுக்கூட விடல்லியே. என்ன வித்த ஓய் இது?" என்றார். அப்பா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "எல்லாம் ஒரு கணக்குதான் டாக்டரே" என்றார். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தச் சிரிப்பு இரண்டு நாள் அவர் முகத்தில் இருந்தது. அந்த மாதிரி கிட்டார் திருவிதாங்கூரில் வேறு எவனிடமும் இல்லை என்று டாக்டர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். களியக்காவிளையிலிருந்துகூட ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

பிறகு பூதப்பாண்டிப் பண்ணையார் வீட்டுப் பையன் வந்து, தனக்கும் அதே மாதிரி ஒன்று வேண்டும் என்றான். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. இந்தத் தடவை என்னைத் தொந்தரவு செய்யவேண்டாம் என்று, ஒரு கைத் துரப்பணத்தை மேசையில் இறுக்கிவைத்து, அதில் உருளையை மாட்டி, அறாமல் சுற்றப் பழகிக்கொண்டார். நான் எதிரே உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தேன். முதல் உருளை முடிந்தது. கம்பியை அப்படியே அடுத்த உருளைக்குக் கொண்டுபோனார். என் கை நின்றுவிட்டது. நான் இப்படிச் செய்யவில்லையே என்று அப்போதுதான் புரிந்தது. சொல்ல வாயெடுத்தேன். சுற்றுவதில் என்ன இருக்கிறது, எப்படிச் சுற்றினாலும் கம்பி கம்பிதானே என்று நினைத்து விட்டுவிட்டேன். அன்றைக்கு அவ்வளவுதான். அதில் குற்றம் ஒன்றும் இல்லை என்று இன்றைக்கும் நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் சொல்லமுடிகிறது.

குற்றம் அடுத்த வாரம் நடந்தது. நீயும் அங்கே இருந்தாய். டாக்டர் வீட்டம்மா ரேந்தை பார்க்க வரச் சொல்லியிருந்ததால் நானும் வந்திருந்தேன். புதுக் கிட்டாரை மாட்டியதும் தேன்கூட்டில் கல்லெறிந்த மாதிரி ஒரு உறுமல் கிளம்பிற்று. நீ வாசித்த பாட்டு அதற்குள் எங்கேயோ மெல்லிசாக, சளி பிடித்தவன் மாதிரி முனகிற்று. பழைய கிட்டாரை மாட்டினால் சுத்தமாகக் கேட்கிறது. மறுபடி புதியதை மாட்டினால் உறுமல். பண்ணையார் மகன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். அப்பாவுக்கு நெற்றி வேர்த்துவிட்டது. அவர் திரும்பி, எல்லாரும் கேட்க, என்னிடம் கேட்டார். "ஏளா, அண்ணைக்கு நான் சொன்னபடிதானே சுத்தின? வேற மாதிரி ஒண்ணும் செய்யல்லியே?"

நான் சொன்னேன். "நீங்க சொன்னபடிதான்."

ஏன் அப்படிச் சொன்னேன் மகனே? நானும் எத்தனையோ விதமாக யோசித்துப் பார்த்துவிட்டேன். சபையில் இத்தனை பேர் முன்னால், பெண்டாட்டி தெரியாமல் செய்ததுதான் அவருடைய பெரிய கணக்கு என்று ஆகிவிடுமே என்று பயந்தேன் என்று ஒரு நாள் தோன்றும். அப்படியென்றால் அது அவர்மேல் வைத்த மரியாதை. சொன்னதைச் செய்யத் தெரியாதவள் என்று அவர் என்னை அங்கேயே வைத்துத் திட்டுவாரோ என்று பயந்தேன் என்று இன்னொரு நாள் தோன்றும். அப்படியென்றால் அது வெறும் கோழைத்தனம். இன்னொன்றும் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. நான் பின்னுகிற ரேந்தை கப்பலேறிச் சீமைக்குப் போகிறது. எந்தத் துரைசானியாவது அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, இதைச் செய்தவள் யார் என்று கேட்டிருப்பாளா? அந்த வராந்தாவில், எல்லாரும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றபோது, இது என் கையால் மட்டும்தான் வரும் என்று எனக்குள்ளே ஒரு ருசி தட்டிற்று. அந்த ருசிக்காகத்தான் வாயை மூடிக்கொண்டேனா? ஒரு கணம்தான் அது இருந்தது. ஆனால் இருந்தது.

பிறகு வீட்டில் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் அவர் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்து அந்தப் புதுக் கிட்டாரைப் பிரிக்கும்போதும் சொல்லிவிடலாம் என்றுதான் காப்பியை எடுத்துக்கொண்டு போவேன். காப்பியை வைத்துவிட்டு வந்துவிடுவேன். பலகையை மாற்றினார். காந்தத்தை மாற்றினார். தந்திகளை மாற்றினார். சுற்றுகிற முறையை மட்டும் மாற்றவே இல்லை. அதுதான் சரியென்று நான் சொல்லிவிட்டேனே. உன் கிட்டாரைப் பிரித்துப் பார்க்கலாம் என்று ஒருதரம் கத்தியை எடுத்தார். மெழுகோடு கம்பியும் பிய்ந்துவந்தால் இருப்பதும் போய்விடும் என்று நீ கெஞ்சினாய். அவரும் வைத்துவிட்டார். பண்ணையார் மகன் பொறுத்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போனான். ஒர்க்‌ஷாப்பில், "மேஸ்திரிக்கு ஒருதடவதான் கை வந்தது" என்று அவர் காதுபடவே சொன்னார்கள். அவர் சண்டைக்குப் போகவில்லை, ஆமோதித்துவிட்டு வந்தார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. நீ கொழும்புக்குக் கப்பல் ஏறிய அந்த வருஷ மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு, பதினாலாம் நாள் போய்விட்டார். காய்ச்சலில் என்னென்னவோ பேசினார். கிட்டாரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது நோட்டுக்கு வருகிறேன். அதில் அவர் மாற்றிப் பார்த்ததையெல்லாம் வரிசையாக எழுதிவைத்திருக்கிறார். காந்தம் இன்ன வண்டியுடையது, பலகை இவ்வளவு கனம் என்று இருக்கிறது. ஒவ்வொரு முயற்சிக்கும் கடைசியில் ஒரே வரி. "கம்பி சுற்று சரி. அவளிடம் கேட்டாயிற்று." ஒரு தடவை எழுதியிருந்தால் என்னை நம்பினார் என்று எடுத்துக்கொள்வேன். பக்கத்துக்குப் பக்கம் ஏன் எழுதினார்? நான் சொன்னதை அவ்வளவு கெட்டியாக நம்பினாரா, இல்லை சந்தேகம் வந்து வந்து, அதை இப்படி எழுதி எழுதி அடக்கிக்கொண்டாரா? எனக்குப் பொய் சொல்ல வராது என்று அவருக்குத் தெரியும். நான் சொன்ன அந்த ஒரு பொய்யைக் கேட்டபோதே கண்டுபிடித்துவிட்டாரோ, என்னைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் விட்டுவிட்டாரோ என்றும் ஓடுகிறது. கடைசிப் பக்கத்தில் "அவளிடம்" என்று எழுதி நிறுத்தியிருக்கிறார், மிச்சம் இல்லை. மறுபடி கேட்கலாம் என்று நினைத்தாரா? மை தீர்ந்ததா? இந்தப் பதினோரு நாளும் இந்த ஒரு சொல்லைச் சுற்றியே வந்துகொண்டிருக்கிறேன். ஐயரிடம் கேட்கலாமா என்று நினைத்தேன். அவருக்கு மேக்னட்டோவிலிருந்து ஆரம்பிக்கவேண்டுமே என்று விட்டுவிட்டேன்.

களியக்காவிளையில் உனக்கு ஒரு பெண் சொல்லி வந்திருக்கிறார்கள். டீச்சர் வேலை பார்க்கிறாளாம். அவளோ வேறு யாரோ, உனக்கு என்று ஒருத்தி வருவாள். அவள் உனக்காக ஏதாவது செய்துகொடுத்தால் எப்படிச் செய்தாய் என்று கேள். சும்மா சமர்த்து என்று தலையைத் தட்டிவிட்டுப் போகாதே. கேட்பதை ஊர்கூட்டி வைத்துக்கொண்டு கேட்காதே. தனியாக, உனக்குக் கோபம் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேள். அவள் சொல்கிற பதில் உனக்கு ஒத்துவராததாக இருந்தாலும் முகத்தைச் சுளிக்காதே. உன் அப்பா முகம் சுளித்திருப்பார் என்று நான் சொல்லவரவில்லை. அவர் சிரித்திருக்கவும் கூடும். "அடிப்பாவி, நீதானா?" என்று கேட்டுவிட்டு, அடுத்த நாளே என்னை உட்காரவைத்துப் பத்து கிட்டார் செய்திருப்பார். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

உன் வேலையைப் பார்ப்போம். நான் சுற்றித் தருகிறேன், வா என்று கூப்பிடலாம் என்றும் நினைத்தேன். அது பொய் இல்லையே என்று சமாதானமும் சொல்லிக்கொண்டேன். நேற்று வெளிச்சத்தில் உட்கார்ந்து, அப்பா மிச்சம் வைத்த கம்பியில் ஒரு முழம் எடுத்துச் சுற்றிப் பார்த்தேன். கம்பி என் கண்ணுக்குத் தெரியவே இல்லை. விரலில் பட்டதுகூடத் தெரியாமல் அறுந்து கிடந்தது. இப்போது நான் பின்னுவதெல்லாம் கெட்டி நூல்தான். நீ வேலையையும் விட்டு, கிட்டாரையும் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன்?

ஆனால் அங்கேயே வழி இருக்கிறது. அது என் வாயிலிருந்து வரவேண்டியிருப்பதுதான் கஷ்டம். போன வருஷம் நீ ரயிலில் காலி என்ற ஊர்ப் பக்கம் போனபோது ஒரு கடிதம் போட்டாயே. வீட்டு வாசல்களில் சிங்களப் பெண்கள் தலையணையை முன்னால் வைத்துக்கொண்டு, குச்சிகளை உருட்டி ரேந்தை பின்னுகிறார்கள், ஒரு நிமிஷம் அம்மாதானோ என்று திடுக்கிட்டுவிட்டேன் என்று எழுதியிருந்தாய். அவர்களில் நல்ல கண்ணுள்ள ஒருத்தியிடம் போ. உனக்குப் பாஷை தெரியாவிட்டாலும் பரவாயில்லை. இரண்டு உருளைகளையும் கம்பியையும் அவள் கையில் கொடு. அவளுடைய குச்சி ஜோடி ஒன்றைக் காட்டி, இதே மாதிரி என்று சைகை செய். அவள் பாதியை இங்கேயிருந்தும் பாதியை அங்கேயிருந்தும் சுற்றுவாள். நடுவை அறுக்கவேண்டாம் என்று மட்டும் சொல். இரண்டையும் ஒரே பக்கமாகச் சுற்றவேண்டும், நானும் அப்படித்தான் சுற்றினேன். அவசரப்படுத்தாதே, ஒன்பது நாள் கொடு. செய்து முடித்தவள் பெயரைக் கேட்டு, கிட்டாருக்குள்ளே எங்கேயாவது எழுதிவை. நோட்டையும் இதோடு அனுப்புகிறேன். காந்தம், பலகை, தந்தி எல்லாவற்றுக்கும் அப்பா எழுதியதுதான் சரி. சுற்றுக்கு மட்டும் அதைப் பார்க்காதே.

இனி நீ வேலையை விட்டுவிட்டு வரவேண்டிய அவசியம் இல்லை. இந்த வரியை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். எழுந்துபோய்ப் பாலில்லாமல் ஒரு கட்டன்காப்பி போட்டுக் குடித்துவிட்டு, இப்போதுதான் வந்து உட்கார்ந்திருக்கிறேன். சீமையில் சண்டை வரப்போகிறது, கப்பலெல்லாம் நின்றுவிடும் என்று கடைவீதியில் பேசிக்கொள்கிறார்கள். அது நிஜமோ புரளியோ எனக்குத் தெரியாது. உன்னை வரவைக்கத்தான் இதை எழுதுகிறேனோ என்றும் எனக்கே சந்தேகமாக இருக்கிறது. இருந்தால் இருக்கட்டும். ஒருத்தரிடம் சொல்லவேண்டியதைச் சொல்லாமல் காப்பியை வைத்துவிட்டுத் திரும்பியது போதும்.

எனக்கு உன்னைப் பார்க்கவேண்டும். அதற்குக் கிட்டார் அறுந்துபோகவேண்டாம், நோட்டு தொலையவேண்டாம், பெண் பார்க்கவும் வேண்டாம். கிறிஸ்துமஸ் ஆட்டமெல்லாம் வாசித்து முடி, நன்றாக வாசி. முடிந்ததும் ஓட்டல்காரனிடம் பத்து நாள் லீவு கேள். கிட்டாரை அங்கேயே வைத்துவிட்டு, வெறுங்கையோடு வாறியா மக்கா?

உன் அம்மா